குளியலறை ரீமாடல் கெட்டுப்போனால்: கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் மீது புகார் கொடுத்துத் தீர்க்கும் வழி

எங்கள் வீட்டு மாடிக் குளியலறையை மாற்றிக் கட்ட 28,400 டாலருக்கு ஒப்பந்தம் போட்டோம். மார்ச்சில் வேலை முடிந்தது. ஏப்ரலில் கீழே சாப்பாட்டு அறைக் கூரையில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. காண்ட்ராக்டர் முதலில் "வந்து பார்க்கிறேன்" என்றார். பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். இது தீர்வதற்குப் பத்து மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் எந்த வரிசையில் என்ன செய்வது என்று தெரியாமலே போனது. இந்த ஊருக்குப் புதிதாக வந்து வீடு வாங்கி, முதல் தடவை ரீமாடல் செய்கிறவர்களுக்கு அந்த ஐந்து மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதில் சொல்வது எல்லாம் கலிஃபோர்னியா விதிகள். வேறு மாநிலத்தில் இருந்தால் தொகையும் காலக்கெடுவும் மாறும்.

1. தண்ணீரை நிறுத்துங்கள், எதையும் உடைக்காதீர்கள்

நான் செய்த பெரிய தவறு இதுதான். கூரையில் ஈரம் பார்த்த பதற்றத்தில் வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் ஷவர் தரையில் பாதியைப் பெயர்த்துப் பார்த்து, "வாட்டர்ப்ரூஃபிங் சரியாகப் போடவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பெயர்த்த துண்டுகள் குப்பைக்குப் போய்விட்டன. எட்டு மாதம் கழித்து நிபுணர் ஒருவர் பார்க்க வந்தபோது, அவர் பார்ப்பதற்குப் பாதிதான் மிச்சம் இருந்தது. மற்றப் பாதியைப் பற்றி, "அதை உடைத்தது என் ஆள் இல்லையே" என்று காண்ட்ராக்டர் சொல்ல இடம் கிடைத்துவிட்டது.

அதனால் முதல் நாள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்தக் குழாயை மூடுங்கள். அந்த அறையைப் பயன்படுத்தாதீர்கள். சேதம் பரவாமல் தடுப்பது உங்கள் கடமை. அதைச் செய்யாமல் விட்டால் பின்னால் அதையே உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள். தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, அளவுகோல் வைத்து ஒன்று என்று படம் எடுங்கள். தண்ணீர் சொட்டினால் வீடியோ எடுங்கள். உடைத்தே ஆக வேண்டிய அவசரம் என்றால், உடைக்கும்போது தொடர்ச்சியாகப் படம் எடுத்து, பெயர்த்த துண்டுகளைப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். மோசமான வேலையைத் திருத்தும் செலவை அவர்கள் பெரும்பாலும் தர மாட்டார்கள். ஆனால் அதனால் கூரைக்கு வந்த சேதத்துக்கு வழி இருக்கலாம். தாமதமாகச் சொன்னால் அதுவும் கஷ்டம்.

2. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

இங்கே காண்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதும் கண்காணிப்பதும் மாநில காண்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியம். சுருக்கமாக சி.எஸ்.எல்.பி. அவர்கள் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டால் இலவசமாக விவரம் வரும். எண் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் முழுப் பெயர், எழுத்து மாறாமல். தனி ஆளா, கார்ப்பரேஷனா, எல்எல்சியா. லைசென்ஸ் வகை: பொதுக் கட்டட வேலைக்கு பி, வீட்டு ரீமாடலுக்கென்று இருக்கும் பி-2, பிளம்பிங்குக்கு சி-36, மின்வேலைக்கு சி-10, டைலுக்கு சி-54. பாண்டு (காண்ட்ராக்டரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு தருவதற்கான உத்தரவாதத் தொகை) கொடுத்த நிறுவனத்தின் பெயரும் பாண்டு எண்ணும். கடைசியாக, உங்கள் வேலை நடந்த நாட்களில் லைசென்ஸ் நடப்பில் இருந்ததா என்பது. பக்கத்தை அன்றைக்கே பிரிண்ட் எடுத்துத் தேதியோடு வையுங்கள்.

நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தெரிந்தவர் சொன்னார் என்று ஒருவரை அமர்த்துவோம். அவர் கொடுக்கும் லைசென்ஸ் எண் வேறொருவருடையதாக இருக்கும். பணமும் தனி ஆள் கணக்குக்கு ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்றம் மூலம் போயிருக்கும். பெயர்கள் பொருந்தவில்லை என்றால் உங்கள் வழக்கே வேறு மாதிரி ஆகிவிடும். லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்தவரிடமிருந்து கொடுத்த பணம் முழுவதையும் திரும்பக் கேட்க இந்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வேலை முடிந்த அல்லது நின்ற நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்த நிலையில் இருப்பவர்கள் தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

3. ஒப்பந்தத்தை மறுபடி வாசியுங்கள்

கையெழுத்துப் போட்ட நாளில் நம்மில் பலர் விலையை மட்டும்தான் பார்க்கிறோம். இப்போது வரி வரியாக வாசியுங்கள்.

முன்பணம் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. சில காண்ட்ராக்டர்கள் தனிப் பெரிய பாண்டு வைத்திருந்தால் மட்டும் இதற்கு விலக்கு. அது லைசென்ஸ் பக்கத்தில் தெரியும். எங்களிடம் 5,000 வாங்கியிருந்தார். அது விதிமீறல் என்பதே புகார் எழுத உட்காரும்வரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு கேட்கும் தவணைகளும் முடிந்த வேலையின், வந்து இறங்கிய பொருளின் மதிப்பைத் தாண்டக் கூடாது. கூடுதல் வேலை என்றால் அதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் இருந்து இருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இவற்றில் எது மீறப்பட்டிருந்தாலும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். வேலைத் தரத்தைப் பற்றி வாதாடலாம். முன்பணக் காசோலையின் தொகையைப் பற்றி யாரும் வாதாட முடியாது.

அப்புறம், 'ஆர்பிட்ரேஷன்' என்ற பகுதியில் உங்கள் முதலெழுத்துக் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிரச்சினையை நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தனியார் நடுவரிடம் கொண்டுபோக நீங்கள் சம்மதித்திருக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. வாரியம் நடத்தும் இலவச நடுவர் ஏற்பாடு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

4. நகராட்சிக் கட்டடத் துறையில் பெர்மிட் பதிவைக் கேளுங்கள்

பெர்மிட் எடுக்கப்பட்டதா, எந்தெந்த இன்ஸ்பெக்ஷன் நடந்தது, பைனல் கையெழுத்து ஆனதா என்பது பொதுப் பதிவு. பல ஊர்களில் இணையத்திலேயே பார்க்கலாம். குளியலறை வேலையில் டைல் ஒட்டும் முன்பு ஷவர் தரையில் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அது நடந்த பதிவே இல்லை என்றால் அது வலுவான சான்று.

பெர்மிட் உங்கள் பெயரில் 'உரிமையாளரே கட்டுகிறார்' என்று எடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். "அப்படி எடுத்தால் சீக்கிரம் கிடைக்கும், செலவு குறையும்" என்று சொல்லிச் சில காண்ட்ராக்டர்கள் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்படி எடுத்தால் வேலைக்கான பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. இன்னும் வேலை தொடங்காதவர்கள் இதற்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.

5. ஒரே கோப்பு

சேர்க்க வேண்டிய காகிதங்கள்: ஒப்பந்தமும் அதன் எல்லா இணைப்புகளும், கூடுதல் வேலைத் தாள்கள், காசோலைகளின் இருபக்க நகல் அல்லது வங்கி அறிக்கை, பெர்மிட் பதிவு, படங்கள், மின்னஞ்சல்கள், குறுஞ்செய்திகள். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து பிரிண்ட் எடுங்கள். உங்களுக்குச் சாதகமான நான்கு வரியை மட்டும் வெட்டி எடுத்தால் நம்பிக்கை போய்விடும்.

முதல் பக்கத்தில் ஒரு தேதிப் பட்டியல் எழுதுங்கள். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. "மார்ச் 14: கடைசித் தவணை 4,200 டாலர், காசோலை" என்கிற மாதிரி. கோபம் வேண்டாம், குணம் சொல்ல வேண்டாம். எனக்கு இந்த ஒரு பக்கம் செய்த உதவியை மற்ற அறுபது பக்கமும் சேர்ந்து செய்யவில்லை. யாரிடம் போனாலும் முதலில் அதைத்தான் வாசித்தார்கள்.

முக்கியமான எச்சரிக்கை: காண்ட்ராக்டர் போனில் ஒத்துக்கொள்வதை ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். கலிஃபோர்னியாவில் அந்தரங்க உரையாடலைப் பதிவு செய்ய எல்லாத் தரப்பின் சம்மதமும் வேண்டும், மீறினால் குற்றம். அதற்குப் பதில், பேசி முடித்த கையோடு "இன்று நீங்கள் சொன்னது இது" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுப்பு வரவில்லை என்றால் அதுவும் சான்றாக உதவலாம்.

6. எழுத்தில் ஒரு வாய்ப்புக் கொடுங்கள்

ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை நான் போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "அடுத்த வாரம்", "ஆள் ஊரில் இல்லை", "பொருள் வரவில்லை." ஒவ்வொரு முறையும் நம்பினேன். ஐந்து மாதம் போனது; என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் போதும். வேலை நடந்த முகவரி, ஒப்பந்தத் தேதி, கொடுத்த மொத்தப் பணம், குறைகள் எண்ணிட்டு, நீங்கள் கேட்பது என்ன (திருத்தித் தருவதா, பணமா), எந்தத் தேதிக்குள் என்பது. பத்து முதல் பதினான்கு நாள் நியாயமான அவகாசம். லைசென்ஸ் பக்கத்தில் இருக்கும் முகவரிக்குச் சான்றளித்த தபாலில், கையெழுத்து ரசீதோடு அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு நகல். தபால் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே கோப்பில் வையுங்கள்.

"பணம் தராவிட்டால் போலீஸில் சொல்வேன், லைசென்ஸைப் பறிக்கச் செய்வேன்" என்று எழுதாதீர்கள். அப்படிப் பணம் கேட்பது மிரட்டலாகிவிடும். வாரியத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கொடுக்க வேண்டியிருந்தால் கொடுங்கள். அதை வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

அவர் திருத்த வந்தால், வாய்வார்த்தையில் உள்ளே விடாதீர்கள். என்ன செய்யப் போகிறார், எத்தனை நாளில் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுங்கள்.

7. திருத்தும் செலவுக்கு மதிப்பீடு

அதே வகை லைசென்ஸ் உள்ள வேறு காண்ட்ராக்டர்கள் இருவரிடமாவது எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அவர்கள் லைசென்ஸ் எண், கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கட்டும். முதல் ஒப்பந்தத்தில் உள்ள வேலையைத் திருத்துவதற்கு மட்டும் கேளுங்கள். நல்ல டைலாக மாற்றிவிடலாமே என்று அதில் சேர்த்தால் மொத்தத் தொகைமீதும் சந்தேகம் வரும். எனக்கு வந்தவை 9,600, 11,200. குறைந்ததையே கேட்டேன். சிலர் இப்படிப் பார்த்து எழுதித் தருவதற்குக் கட்டணம் வாங்குவார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. வாரியத்தில் புகார்

கட்டணம் இல்லை. இணையத்தில் கொடுக்கலாம், படிவத்தை அச்சிட்டுத் தபாலிலும் அனுப்பலாம். போனில் விளக்கம் கேட்க 1-800-321-2752. நகல்களை மட்டும் அனுப்புங்கள். மூலத்தைக் கையை விட்டு விடாதீர்கள். தவறு நடந்த நாளிலிருந்து நான்கு வருடத்துக்குள் புகார் போக வேண்டும். வெளியே தெரியாத கட்டமைப்புக் குறை என்றால் பத்து வருடம்வரை இடம் உண்டு. காலம் இருக்கிறது என்று ஆறப்போடாதீர்கள். காண்ட்ராக்டர் கடையை மூடிவிட்டால் யாரிடம் வாங்குவீர்கள்?

வாரியம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது புரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். முதலில் ஒரு அலுவலர் இரண்டு பக்கமும் பேசிச் சமரசம் செய்யப் பார்ப்பார். அது நடக்காவிட்டால், விஷயத்தைப் பொறுத்து விசாரணை அதிகாரியிடம் போகலாம். அந்தத் துறை நிபுணர் ஒருவர் வீட்டுக்கு வந்து வேலையைப் பார்த்து, தொழில் தரத்துக்கு இருக்கிறதா, திருத்த எவ்வளவு ஆகும் என்று எழுதலாம். விதிமீறல் உறுதியானால் எச்சரிக்கைக் கடிதம், அபராத உத்தரவு, பெரிய விஷயத்தில் லைசென்ஸ் ரத்துக்கான நடவடிக்கை. அபராதப் பணம் உங்களுக்கு வராது. வாரியம் உங்கள் வக்கீலும் அல்ல. உங்கள் பணத்தைத் திரும்ப வாங்கித் தருவதாக அவர்கள் உறுதி சொல்வதில்லை.

அப்படியானால் எதற்கு இந்தப் புகார்? லைசென்ஸ் அவருடைய பிழைப்பு. ஐந்து மாதம் சாக்குச் சொல்லி, பிறகு போனே எடுக்காதவர், வாரியத்தின் கடிதம் போன வாரத்தில் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார்.

சமரச அலுவலர் கூப்பிடும்போது "எவ்வளவு கிடைத்தால் தீர்ந்துவிடும்?" என்று கேட்பார். பதிலோடு தயாராக இருங்கள். ஒரு தொகை, அதற்கு ஆதாரமான மதிப்பீட்டின் தேதி. நான் முதல் அழைப்பில் நடந்த கதையை இருபது நிமிடம் சொன்னேன். தொகையைச் சொல்லவே இல்லை. அதனால் இன்னொரு அழைப்புக்கு மூன்று வாரம் காத்திருந்தேன்.

நிபுணர் வரும்வரை அந்த இடத்தைத் தொடக் கூடாது. எங்களுக்கு டிசம்பரில்தான் வந்தார். நால்வர் ஒரே குளியலறையைப் பயன்படுத்தியது பெரும் சிரமம்தான். ஆனால் மிச்சமிருந்த பாதி ஷவர் தரையைப் பார்த்து அவர் எழுதிய குறிப்புதான் வழக்கை நகர்த்தியது.

9. இலவச நடுவர் ஏற்பாடு

50,000 டாலர்வரை உள்ள சில தகராறுகளை வாரியம் தன் ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பும். நடுவரின் கட்டணமும், வாரியம் நியமிக்கும் ஒரு நிபுணரின் செலவும் உங்களுக்கு இல்லை. தீர்ப்பு இருவரையும் கட்டுப்படுத்தும். பிடிக்கவில்லை என்று அதே விஷயத்தை நீதிமன்றத்தில் மறுபடி தொடங்க முடியாது. காண்ட்ராக்டர் தீர்ப்பின்படி நடக்காவிட்டால் லைசென்ஸ் முடக்கப்படும். கேட்க வேண்டிய தொகை முழுவதையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

10. பாண்டு

லைசென்ஸ் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் 25,000 டாலர் பாண்டு வைத்திருக்க வேண்டும் (2023 ஜனவரி முதல் இந்தத் தொகை). நேராக அந்த பாண்டு நிறுவனத்துக்குக் கோப்பின் நகலோடு எழுதலாம். இந்த 25,000 உங்கள் ஒருவருக்கானது அல்ல; அவரால் பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் சேர்த்து. அதனால் வாரியத்தின் முடிவுக்குக் காத்திருக்காமல் புகார் கொடுக்கும் வாரத்திலேயே இங்கும் எழுதுங்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பில் தகராறை எழுத்தில் எழுப்ப, அந்தத் தொகை வந்த முதல் அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள்தான்.

11. ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றம்

சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம் இது. தனிநபர் 12,500 டாலர்வரை இங்கே கேட்கலாம். கேட்கும் தொகைக்கு ஏற்ப 30 முதல் 75 டாலர்வரை கட்டணம். விசாரணையில் வக்கீல் வாதாட முடியாது. நீங்களே பேச வேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீதிமன்ற அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். மாவட்டம் தோறும் இலவச ஸ்மால் கிளெய்ம்ஸ் ஆலோசகர் உண்டு. படிவத்தைக் கொடுக்கும் முன் அவரிடம் காட்டிவிடுங்கள்.

படிவம் எஸ்சி-100. முன்பே பணம் கேட்டீர்களா என்று அதில் கேள்வி இருக்கும். ஆறாவது படியின் கடிதம் இங்கே உதவும். பெயரை லைசென்ஸ் பக்கத்தில் உள்ளபடி எழுதுங்கள். கார்ப்பரேஷன் அல்லது எல்எல்சி என்றால், ஆவணம் பெறுவதற்கென நியமித்த ஆளின் பெயரை மாநிலச் செயலாளர் இணையதளத்தில் தேடி எடுங்கள். வழக்குத் தாளை எதிர்த்தரப்பிடம் நேரில் கொடுப்பதானால் விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்பு, எதிர்த்தரப்பு வேறு மாவட்டம் என்றால் 20 நாள் முன்பு போய்ச் சேர வேண்டும். நீங்களே கொடுக்கக் கூடாது. இந்த ஒரு காரணத்தால் விசாரணைத் தேதி தள்ளிப்போகிறவர்கள் அதிகம்.

வழக்குப் போட்டவர் தோற்றால் அவருக்கு மேல்முறையீடு இல்லை, எதிர்த்தரப்புக்கு உண்டு. ஜெயித்தும் அவர் கட்டவில்லை என்றால் தீர்ப்பின் நகலை வாரியத்துக்கு அனுப்புங்கள். கட்டப்படாத தீர்ப்பு லைசென்ஸை முடக்கும்.

12. பணம் தர முன்வந்தால்

நான் படிவத்தை நிரப்பி வைத்திருந்த நேரத்தில், பிப்ரவரியில், காண்ட்ராக்டர் 7,500 தருவதாகச் சொன்னார். நிபுணர் பார்த்த பாதியின் செலவை அவர் மறுக்கவில்லை. நான் கேட்ட 9,600-இல் மற்றப் பாதிக்குத்தான் 2,100 குறைந்தது. ஒத்துக்கொண்டேன்.

உடன்படிக்கையில் மூன்றைப் பாருங்கள். முதலாவது, காசோலை வங்கியில் தேறிய பிறகுதான் 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்ற உங்கள் விடுவிப்பு நடைமுறைக்கு வரும் என்று எழுத்தில் இருக்கட்டும். இரண்டாவது, அவருக்குக் கீழே வேலை செய்த ஆட்கள், பொருள் கொடுத்த கடைகள் எல்லாருக்கும் பணம் போனதற்கு லீன் (வீட்டின்மீது பதியும் கடன் உரிமை) விடுவிப்புத் தாள் வாங்குங்கள். நீங்கள் முழுப் பணமும் கட்டியிருந்தாலும், அவர் அவர்களுக்குக் கொடுக்காமல் விட்டால் உங்கள் வீட்டின்மீது அவர்கள் உரிமை பதிய முடியும். வேலை தொடங்கியபோது தபாலில் '20 நாள் முன்னறிவிப்பு' (இந்த வேலைக்கு ஆளோ பொருளோ தருகிறோம் என்ற அறிவிப்பு) ஏதாவது வந்திருந்தால் அதை அனுப்பியவர்களிலிருந்து உங்கள் பட்டியலைத் தொடங்குங்கள். மூன்றாவது, "வாரியத்தில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற வேண்டும்" என்ற வரி. எனக்கு வந்த வரைவில் அது இருந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர் உடன்படிக்கையில் அப்படி ஒரு நிபந்தனை போடுவதையே இந்த மாநிலச் சட்டம் தடுக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன்; மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார்.